டிடிஎம்: தரையா, தோற்றமா?

சென்னைக்கு வெளியே ஒரு மனைப்பிரிவோ சாலையோ வரும் இடத்தில் பொக்லைன் இறங்கும் முன்பே, ஒருவர் அந்த நிலத்தைக் கணினியில் வெட்டி நிரப்பிப் பார்த்திருப்பார். அவர் உருவாக்கும் கோப்புதான் டிஜிட்டல் டெரைன் மாடல், சுருக்கமாக டிடிஎம். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி. வேலை விளம்பரத்தில் அவருக்கு 'டெரைன் மாடலர்' என்று பெயர். சைட்டில் அவரும் சர்வே சார்தான்.

கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன், செயற்கைக்கோள் வழியே இடம் காட்டும் டிஜிபிஎஸ், டிரோன் எதில் எடுத்தாலும் சரி, ஒவ்வொரு புள்ளிக்கும் கிழக்கு, வடக்கு, உயரம் என மூன்று எண்கள் கிடைக்கும். அந்தப் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்தால் தரை ஒரு வலையாக எழுந்து நிற்கும். வரப்போகும் மட்டத்தை அதன்மேல் வைத்துக் கழித்தால் எங்கே எவ்வளவு வெட்டு, எங்கே எவ்வளவு நிரப்பு என்ற கணக்கு வந்துவிடும்.

டிஜிட்டல் டெரைன் மாடல் என்ற சொல்லே மண்வேலைக்காகப் பிறந்ததுதான். 1958-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்லர், லாஃப்லாம் இருவரும் எழுதிய கட்டுரை இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. நெடுஞ்சாலைக்குப் பல தடங்களை யோசித்து, ஒவ்வொன்றுக்கும் மண் அளவைக் கணினியே போட்டுத் தர வேண்டும் என்பது அவர்கள் தேவை. டெரைன் என்பதன் வேர், நிலத்தைக் குறிக்கும் 'டெர்ரா' என்ற லத்தீன் சொல். அதற்கும் அடியில் 'காய்ந்தது' என்ற பொருள் இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சர்வே எடுத்தவர்களுக்குச் சிரிப்பு வரும். டிஜிட்டலின் வேரான 'டிஜிடஸ்' என்றால் லத்தீனில் விரல். நாமும் விரல் விட்டுத்தானே எண்ணுகிறோம்.

தமிழில் டெரைனுக்கு நிலத்தோற்றம், நிலப்பரப்பு என்றெல்லாம் எழுதுகிறார்கள். நிலப்பரப்பு என்றால் எத்தனை ஏக்கர் என்றுதான் கேட்கத் தோன்றும். நிலத்தோற்றம் இதைவிடச் சிக்கல். தோற்றம் என்பது கண்ணுக்குத் தெரிவது. ஓஎம்ஆர் பக்கம் சீமைக்கருவேலம் மண்டிய மனையை டிரோனில் படம் பிடித்தால் அதற்குத் தெரிவது மர உச்சிதான். அது டிஎஸ்எம், அதாவது டிஜிட்டல் சர்ஃபேஸ் மாடல், மேற்பரப்பு மாதிரி. கூரை, மரம், நிற்கும் லாரி எல்லாம் அதில் உண்டு. அவற்றையெல்லாம் உரித்துவிட்டு வெறும் மண்ணை மட்டும் நிறுத்துவதுதான் டிடிஎம். ஆக, நிலத்தோற்றம் என்ற பெயர் எதைக் குறிக்கக் கூடாதோ அதைத்தான் குறிக்கிறது.

உரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மட்டம் ஓர் அங்குலம் பிசகினாலே 3,630 கன அடி மண். நூறு கன அடி ஒரு யூனிட் என்பதால் 36 யூனிட்டுக்கு மேல். மூன்று யூனிட் பிடிக்கும் லாரிக்குப் பன்னிரண்டு நடை. அங்குலத்துக்கே இந்தக் கதை. முழங்கால் உயரக் கோரைப்புல்லைத் தரை என்று நம்பிவிட்டால் பில் போடும் நாளில் ஒப்பந்தக்காரரும் இன்ஜினியரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாது.

புல்லை எடுத்துவிட்டாலும் வேலை முடியாது. ஏரிக்கரையின் இரண்டு பக்க அடிவாரத்தில் மட்டும் புள்ளி எடுத்தால், மென்பொருள் அவற்றை நேராக இணைத்துக் கரையையே விழுங்கிவிடும். கரையின் மேல் விளிம்பிலும் புள்ளி எடுத்து, அவற்றைக் கோடாக இணைத்து, 'இதைத் தாண்டி முக்கோணம் போடாதே' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் பிரேக்லைன். சிலர் முறிகோடு என்கிறார்கள். அங்கே தரை முறிவதில்லை, மடிகிறது. மடிப்புக்கோடு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கான்டூருக்குப் பள்ளிப் பாடநூலின் சம உயரக்கோடு போதும். அதைத் தொட வேண்டாம்.

மேடு பள்ளத்துக்கு நம்மிடம் பழைய சொற்கள் உண்டு. புறநானூற்றின் 187-வது பாடலில் ஔவையார் பள்ளத்தை அவல் என்கிறார், மேட்டை மிசை என்கிறார். இன்று அவல் என்றால் வெல்லம் தேடுவோம் என்பதால் அதை விட்டுவிடலாம். டெரைன் மாடலுக்கு என் தேர்வு 'தரையுரு'. தரை வடசொல் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். அவர்கள் 'நிலவுரு' என்று வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கொத்தனார் முதல் தலைமைப் பொறியாளர் வரை 'தரைமட்டம்' என்று சொல்லும் ஊரில் தரையே எளிது. டிஜிட்டலுக்குச் சிங்கப்பூரில் மின்னிலக்க என்கிறார்கள், இங்கே எண்ணிம என்பதும் பரவுகிறது. எனவே எண்ணிமத் தரையுரு. டிஎஸ்எம் எண்ணிம மேற்பரப்புரு.

அப்புறம் அந்த மாடலர். வரைஞர் என்றால் டிராப்ட்ஸ்மேனோடு குழம்பும். இவர் கோடு வரைவதைவிட, எந்தப் புள்ளி மண், எது புதர் என்று தீர்ப்பதே அதிகம். தரையுரு அமைப்பாளர் என்று எழுதலாம். சைட்டில் சர்வே சார் என்றே கூப்பிடுவார்கள். அதை யாரும் மாற்றப்போவதில்லை.