உப்புக் கரைசலில் சர்க்கரைக்கு என்ன வேலை?

"பேதிக்குக் கொடுக்கும் உப்புக் கரைசலில் குளுக்கோஸ் ஏன் சேர்க்கப்படுகிறது?" உடலியங்கியல் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. விடைத்தாள் திருத்தும்போது நான் அதிகம் பார்க்கும் பதில்: "சோர்ந்துபோன நோயாளிக்கு உடனடித் தெம்பு தர." நன்றாகப் படிப்பவர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள். கேட்பதற்குப் பொருத்தமாக இருப்பதால் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் போதும். ஓஆர்எஸ் எனப்படும் இந்த உப்புக் கரைசலில் ஒரு லிட்டருக்கு இருக்கும் குளுக்கோஸ் 13.5 கிராம். கிராமுக்கு 4 கலோரி வீதம் 54 கலோரி. ஒரு இட்லியிலும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. ஒரு லிட்டரையும் குடித்து முடித்தவருக்குக் கிடைப்பது ஒரு இட்லித் தெம்பு. அதற்காக யாரும் அதைப் பொட்டலத்தில் போட்டு உலகம் முழுக்க அனுப்பியிருக்க மாட்டார்கள்.

சரியான பதிலுக்குப் போவதற்கு முன் இன்னொரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். குடித்த தண்ணீர் குடலிலிருந்து இரத்தத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது?

நம் உடலில் எந்தச் செல்லிலும் தண்ணீரை இறைக்கும் பம்பு கிடையாது. வகுப்பில் இதைத்தான் முதலில் கரும்பலகையில் எழுதுவேன். கரைந்த பொருள் எந்தப் பக்கம் அதிகமாகச் சேர்கிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். பள்ளியில் உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் படித்த அதே சவ்வூடு பரவல்தான். ஆகவே குடல் தண்ணீரை உள்ளே இழுக்க வேண்டுமென்றால் முதலில் உப்பை உள்ளே இழுக்க வேண்டும். உப்பு என்றால் இங்கே முக்கியமாக சோடியம்.

அந்த வேலையின் அளவைப் பாருங்கள். நாம் ஒரு நாளில் குடிப்பதும் உணவோடு சேர்வதுமாக 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் தானே சுரக்கும் நீர் எல்லாம் சேர்ந்து இன்னும் 7 லிட்டர். ஆக 9 லிட்டர் குடலுக்குள் இறங்குகிறது; மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி மட்டும். இரத்தத்தில் செல்களை விலக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் பிளாஸ்மா மொத்தமே சுமார் 3 லிட்டர்தான். அதைப்போல மூன்று மடங்கு நீரைக் குடல் ஒவ்வொரு நாளும் திரும்ப வாங்கி வைக்கிறது. இந்த வாங்கும் வேலை தடைப்பட்டாலோ சுரக்கும் வேலை எல்லை மீறினாலோ சில மணி நேரத்தில் ஒருவர் ஏன் சுருண்டு விழுகிறார் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இனி செல்லுக்குள் போவோம். சிறுகுடலின் உள்சுவரை மூடியிருக்கும் செல்லுக்கு இரண்டு முகங்கள். ஒன்று உணவு வரும் குழலைப் பார்த்தபடி இருக்கிறது, மற்றொன்று இரத்தத்தைப் பார்த்தபடி. இரத்தப் பக்கச் சவ்வில் சோடியம்–பொட்டாசியம் பம்பு இருக்கிறது. 1957-இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ கண்டறிந்தது. அதற்கு அவருக்கு 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. இப்படி ஓயாமல் இறைத்துக்கொண்டே இருப்பதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் பற்றாக்குறைதான். வெளியே லிட்டருக்கு 140 மில்லிமோல் (கரைந்த பொருளை அளக்கும் அலகு) என்றால் உள்ளே 15-க்குப் பக்கம். போதாததற்குச் செல்லின் உட்புறம் எதிர்மின் ஏற்றம் கொண்டது. நேர்மின் ஏற்றமுள்ள சோடியம் உள்ளே பாயக் காத்திருக்கிறது. கொழுப்பாலான சவ்வு வழிவிடுவதில்லை. வாசல் வேண்டும்.

அப்படிப்பட்ட வாசல்களில் ஒன்றுதான் குழலைப் பார்த்த முகத்தில் இருக்கும் எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம். இரண்டு மாடும் பூட்டி, ஆளும் ஏறி உட்கார்ந்தால்தான் புறப்படும் வண்டி இது. மாடுகள் இரண்டு சோடியம், ஏறும் ஆள் ஒரு குளுக்கோஸ். மூன்றும் சேர்ந்தால்தான் புரதம் வடிவம் மாறி அவற்றை உள்ளே இறக்கிவிடும்.

பாடநூல்கள் இந்தப் படத்தைக் குளுக்கோஸின் பக்கம் நின்று விளக்குகின்றன: சோடியத்தின் பாய்ச்சலைப் பிடித்துக்கொண்டு குளுக்கோஸ் எப்படி உள்ளே வருகிறது என்று. கார்போஹைட்ரேட் செரிமானப் பாடத்துக்கு அது சரி. உப்புக் கரைசலைப் புரிந்துகொள்ள அதே படத்தைச் சோடியத்தின் பக்கம் நின்று படிக்க வேண்டும். ஆள் ஏறினால் மாடுகளும் உள்ளே வந்துவிடும். உள்ளே வந்த சோடியத்தைப் பின்பக்கத்துப் பம்பு வெளியேற்றும், குளுக்கோஸ் வேறொரு வாசல் வழியாக இரத்தத்துக்குப் போகும், குளோரைடு கூடவே செல்லும். செல்களுக்குப் பின்னால் உப்புச் செறிவு கூடும். தண்ணீர் தானாக அங்கே நகரும். விடைத்தாளில் நான் தேடுகிற பதில் இவ்வளவுதான்: குளுக்கோஸ் சோடியத்தை அழைத்து வருகிறது, சோடியம் தண்ணீரை அழைத்து வருகிறது.

சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே பயணிக்கின்றன என்ற கருத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில் முன்வைத்தார். அதற்கு ஓராண்டு முன்புதான், 1959-இல், கல்கத்தாவில் மருத்துவ ஆய்வாளர் சம்பு நாத் தே காலராவின் மர்மத்தைத் திறந்திருந்தார். காலராக் கிருமிகளை வளர்த்த நீரிலிருந்து கிருமிகளை முழுக்க வடிகட்டி நீக்கிவிட்டு, மிஞ்சிய நீரை மட்டும் முயலின் குடலில் செலுத்தினார்; குடல் நீரால் நிரம்பியது. கிருமி வெளியிடும் நச்சுதான் வேலையைச் செய்கிறது என்பது அதில் உறுதியானது. எளிய கருவிகளோடு செய்த அந்த ஆய்வுக்கு உரிய மரியாதை அவர் வாழ்ந்த காலத்தில் கிடைக்கவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தமே.

அந்த நச்சு செல்லுக்குள் நுழைந்து, அங்கே சமிக்ஞை கடத்தும் ஒரு ஜி-புரதத்தை 'எரியும்' நிலையிலேயே பூட்டிவிடுகிறது. அணைக்க முடியாத விளக்கு போல சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறின் உற்பத்தி தொடர்கிறது. அதனால் குளோரைடு வாய்க்கால்கள் திறந்தபடியே இருக்க, குளோரைடு குழலுக்குள் கொட்டுகிறது. பின்னாலேயே சோடியமும் தண்ணீரும். உப்பு உள்ளே வர வழக்கமாகப் பயன்படும் இன்னொரு வாசலையும் நச்சு அடைத்துவிடுகிறது. நாளொன்றுக்கு 10 லிட்டருக்கு மேல்கூட நீர் வெளியேறலாம். வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் அதுவும் அப்படியே போய்விடும்.

ஆனால் எஸ்ஜிஎல்டி1 வாசலை நச்சு தொடுவதில்லை. செல்களும் சாவதில்லை. ஒரு வாசல் திறந்திருக்கிறது, அதற்கு வேண்டியது குளுக்கோஸ்.

1968-இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்டு கேஷும் காலரா நோயாளிகளுக்குக் குளுக்கோஸ் சேர்த்த உப்புக் கரைசலை வாய்வழியாகக் கொடுத்து, சலைன் ஏற்றும் தேவை வெகுவாகக் குறைவதைக் காட்டினார்கள். ஆனாலும் மருத்துவமனைக் கண்காணிப்பில்லாமல் இதைக் கொடுக்கலாமா என்ற தயக்கம் போகவில்லை. 1971-இல் வங்கதேசப் போர் அந்தத் தயக்கத்துக்கு நேரமில்லாமல் செய்தது. இந்திய எல்லையோரம் போங்கான் ஊரில் அகதிகள் காலராவில் தரையில் கிடந்தார்கள், சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகாலநபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று அளந்து பொட்டலம் போடச் செய்து, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2022-இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இப்போதைய ஓஆர்எஸ் பொட்டலத்தின் அளவு 2002-இல் உலக சுகாதார நிறுவனம் மாற்றியமைத்தது. லிட்டருக்கு சோடியம் 75, குளுக்கோஸ் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10 மில்லிமோல். கூட்டினால் 245. இரத்தத்தின் செறிவு 290-ஐ ஒட்டி இருப்பதால், 245 உள்ள கரைசலிலிருந்து தண்ணீர் தானாகவே இரத்தப் பக்கம் சாயும். பழைய கலவை 311. அதைக் குறைத்த பிறகு குழந்தைகளுக்கு வாந்தியும் மலத்தின் அளவும் குறைந்தன.

வண்டிக்கு இரண்டு மாடு, ஒரு ஆள் என்றால் சோடியம் இரண்டு பங்கல்லவா இருக்க வேண்டும், ஏன் சரிசமம் என்று ஒரு மாணவி கேட்டார். மிக நல்ல கேள்வி. பேதியாகும் குடலுக்குள் சுரந்து கிடக்கும் நீரிலேயே சோடியம் நிறைய இருக்கிறது. மாடுகள் அங்கேயே நிற்கின்றன. குறைவது ஆள்தான்.

இப்போது வீட்டில் நடக்கும் தவறுக்கு வருகிறேன். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை 200 மில்லி தம்ளரில் கொட்டிக் கலக்கிவிடுகிறார்கள். செறிவு ஐந்து மடங்காகி 1225. குடல் இரத்தத்திலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும், பேதி கூடும். உள்ளே போகும் சோடியமோ குழந்தையின் மூளையைப் பாதிக்கும் அளவுக்கு ஏறலாம். சர்க்கரை மிகுந்த குளிர்பானமும் பழச்சாறும் உப்பு சரியாக இல்லாமல் சர்க்கரையால் மட்டும் செறிவு கூடியவை. அவையும் தண்ணீரை வெளியே இழுக்கும். இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல் வரக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் உத்தரவிட்டது, தாமதமாகவேனும். பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஆறு கரண்டி ஏனென்றால் சமையலறைச் சர்க்கரை குடலில் பாதி குளுக்கோஸாகவும் பாதி ஃப்ரக்டோஸாகவும் உடைகிறது. சோடியத்தின் வண்டியில் ஏறுவது அந்தக் குளுக்கோஸ் பாதி மட்டும். குடிக்க முடியாத அளவுக்கு மயங்கிக் கிடப்பவருக்கு இது எதுவும் உதவாது, அவருக்கு சலைன்தான் வேண்டும்.

இன்னொன்றையும் தாய்மாரிடம் சொல்லிவிட வேண்டும்: ஓஆர்எஸ் பேதியை உடனே நிறுத்தாது. இழந்த நீரை ஈடுகட்டும், அவ்வளவுதான். இதைச் சொல்லாததால் "மருந்து கேட்கவில்லை" என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். பேதியையும் குறைக்க முடியுமா என்ற தேடலில், 2000-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் எளிதில் செரிக்காத மாவுச்சத்தைக் கரைசலோடு சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த மாவு பெருங்குடல் வரை போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்துச் சிறு கொழுப்பமிலங்களாகிறது. அவை பெருங்குடலைச் சோடியத்தையும் தண்ணீரையும் உறிஞ்ச வைக்கின்றன. பேதி குறைந்தது, சீக்கிரமும் நின்றது. அரிசிக் கஞ்சியில் நடப்பது வேறு: மாவுச்சத்து ஒரு பெரிய மூலக்கூறாக இருப்பதால் செறிவைக் கூட்டாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸை விடுவிக்கும். உப்புப் போட்ட நீர்த்த கஞ்சியைப் பேதிக்காரருக்குக் கொடுத்த பாட்டிமார் அந்த வண்டிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு முடியும்போது யாராவது கட்டாயம் கேட்பார்கள்: பிறவியிலேயே எஸ்ஜிஎல்டி1 பழுதாக இருந்தால்? அப்படிப்பட்ட குழந்தைகள் அரிதாகப் பிறக்கிறார்கள். தாய்ப்பால் குடித்த முதல் நாட்களிலேயே கடும் பேதி தொடங்கும், ஏனென்றால் பால் சர்க்கரை உடைந்து வரும் குளுக்கோஸும் காலக்டோஸும் அந்த ஒரே வாசலை நம்பியவை. ஓஆர்எஸ் கொடுத்தாலும் பேதி கூடும். ஃப்ரக்டோஸுக்கு வாசல் தனி. அதை மட்டுமே சர்க்கரையாகக் கொண்ட பாலை ஊட்டத் தொடங்கியதும் குழந்தையின் பேதி நின்றுவிடுகிறது.