பாட்டி ‘ஆடி’ என்றார், தவறு என்று எழுதினோம்

ஜூலை கடைசி வாரம். பக்கவாதத்தோடு சேர்க்கப்பட்ட ஒரு பாட்டியிடம் இது என்ன மாதம் என்று கேட்டார்கள். “ஆடி.” வயது? “எழுபத்திரண்டு நடக்குது.” பதிவேட்டில் 71. மதிப்பிட்டவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்த பேத்திக்கு ஆடி எப்போது வரும் என்று தெரியாது. இரண்டு பதிலும் தவறு என்று 2 புள்ளி விழுந்தது. பாட்டி சொன்னது இரண்டுமே சரி.

சிங்கப்பூரில் பக்கவாத ஆய்வுகளில் தாதியாக வேலை செய்கிறேன். பக்கவாதத்தின் பாதிப்பை அளக்க நாங்கள் பயன்படுத்தும் என்ஐஹெச்எஸ்எஸ் (NIHSS) அளவுகோல் 1989இல் அமெரிக்காவில் வெளியானது. 0 முதல் 42 வரை. புள்ளி கூடினால் பாதிப்பு கூடுதல். கையைப் பத்து நொடி தூக்கிப் பிடிக்கச் சொல்வோம், காலை ஐந்து நொடி. அதில் மொழிச் சிக்கல் குறைவு. பேச்சுக்கு வரும்போதுதான் தடுமாறுகிறோம். வாசிக்கக் கொடுக்கும் சொற்களில் ‘ஹக்கிள்பெரி’ இருக்கிறது. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும் பாட்டிக்கு அது என்ன பழம் என்று எப்படித் தெரியும்?

2 புள்ளிதானே என்று விடமுடியாது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பற்றிய 1995ஆம் ஆண்டு ஆய்வின் முதல் பகுதியில், 24 மணி நேரத்தில் 4 புள்ளி குறைந்தாலே முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் தமிழ் தெரிந்த நான் அதே கேள்வியைக் கேட்டால் பாட்டிக்கு 2 குறையும். மருந்து வேலை செய்ததுபோல் கணக்கில் ஏறும்.

அளவுகோலிலேயே சாய்வும் உண்டு. 42இல் 7 புள்ளி மொழியைச் சார்ந்தவை; ஒரு பக்கத்தையே கவனிக்காமல் விடும் கோளாறுக்கு 2 மட்டும். மொழி பெரும்பாலோருக்கு இடப்பக்க மூளையின் வேலை; கவனிக்காமல் விடும் கோளாறு வலப்பக்கம் பாதிக்கப்பட்டால்தான் அதிகம் வரும். அதனால் வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டவர்களின் நிலை பெரும்பாலும் குறைவாகவே பதிவாகிறது. தலைசுற்றி நடக்கவே முடியாதவர் 0 வாங்குவதும் உண்டு. 31 புள்ளியாகச் சுருக்கிய திருத்திய வடிவம் வந்துவிட்டது, ஆனால் மாதமும் வயதும் அதிலும் இருக்கின்றன.

தமிழ் மாதத்தையும் நடப்பு வயதையும் எப்படி மதிப்பிடுவது என்று ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். வாசிப்புச் சொற்களைத் தமிழில் உருவாக்கி, நம் முதியவர்களிடம் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். அப்புறம், குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். மொழிபெயர்க்கும்போது “ஜூலைதானேப்பா?” என்று எடுத்துக்கொடுக்காதீர்கள். முதல் பதில்தான் கணக்கு. அவர் வாயில் வந்த சொல்லை அப்படியே சொல்லுங்கள். புள்ளி போடுவதற்கு முன் அதை அப்படியே தமிழில் எழுதி வைக்கிறேன்.