குழந்தையின் தொடையில் சிவப்புக் கோடு: குளிர்கால ப்ளூமர் தைக்கும் முன்

கார்த்திகை பிறந்துவிட்டால், குன்னூரில் என் தையல் வகுப்புக்குப் புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் ஒன்றையே கேட்பார்கள்: “அக்கா, குழந்தைக்கு ஒரு ப்ளூமர் தைக்கக் கற்றுக்கொடுங்கள்.” நியாயமான ஆசைதான். தலைக்குந்தாவிலும் காந்தலிலும் உறைபனியில் புல்வெளி வெளுக்கத் தொடங்கும் காலம் அது. இடுப்பிலிருந்து முட்டிக்கு மேல்வரை உப்பி, தொடையில் சுருங்கி நிற்கும் அந்தக் குட்டிக் கால்சட்டையை நாப்கினுக்கு மேலேயே போட்டுவிடலாம். நீளமான கம்பளிக் காலுறையும் சேர்ந்தால் கால் முழுவதும் கதகதப்பாக இருக்கும். தையலும் சுலபம். முன்னும் பின்னும் இரண்டு துண்டு, மூன்று எலாஸ்டிக். மெஷினில் நேராக ஓட்டத் தெரிந்தவர் ஒரே மாலையில் முடித்துவிடுவார்.

அவ்வளவு சுலபமாக முடிந்துவிடுவதால்தான் இதை எழுதுகிறேன். சென்ற பனிக்காலத்தில் ஒரு மாணவி தன் எட்டு மாதக் குழந்தையை வகுப்புக்குத் தூக்கி வந்தார். மேலே பஞ்சு எழும்பிய கனத்த துணியான ஃப்ளானலில், வான்நீல நிறத்தில் அவரே தைத்த முதல் ப்ளூமர். பின்புறம் மூன்று அடுக்கு ஃப்ரில், கால் விளிம்பைச் சுற்றிச் சிவப்புக் கம்பளிப் பந்துகள். பார்த்தவர்கள் எல்லோரும் கொஞ்சினார்கள். நாப்கின் மாற்ற அதைக் கழற்றியபோது இரண்டு தொடையிலும் வளையல் போட்டதுபோலச் சிவந்திருந்தது. எலாஸ்டிக்கின் வரிகள்கூடத் தோலில் அச்சாகப் பதிந்திருந்தன. பந்துகளை எண்ணினேன், ஒன்று குறைந்தது. அது தூளியின் மடிப்பில் எச்சிலில் ஊறிக் கிடந்தது. அந்தத் தாய் பதறிப் போனார். அவருடைய தையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லவேண்டியதை அவருக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

முதலில் எலாஸ்டிக். புதிதாகத் தைப்பவர்கள் குழந்தையைப் படுக்கவைத்துத் தொடையை அளக்கிறார்கள். உட்கார்ந்தால் சதை பரவும். படுத்திருக்கும்போது பத்து அங்குலமாக இருந்த தொடை பத்தரை அங்குலமாகிவிடும். எனவே மடியில் உட்காரவைத்து, தொடையின் பருத்த இடத்தில் டேப்பைத் தளர்வாகச் சுற்றி அளக்க வேண்டும். குழந்தை பால் குடித்த பிறகு, நாப்கினோடு இடுப்பை அளக்க வேண்டும். இடுப்பு எலாஸ்டிக்கை அந்த அளவைவிட ஓர் அங்குலம் குறைத்து வெட்டலாம். தொடை எலாஸ்டிக்கைக் குறைக்கவே கூடாது. அளவு என்னவோ அதே நீளம், இணைப்புக்கு மட்டும் அரை அங்குலம் கூடுதல். முனைகளை முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சு ஒரு சிறு கல்லைப்போல ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அரை அங்குலம் வைத்து, ஜிக்ஜாக்கில் இரண்டு முறை ஓட்டினால் தட்டையாக இருக்கும்.

ஃப்ளானலுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. துணி கனமானது. மடித்துத் தைத்த உறைக்குள் எலாஸ்டிக் நுழைந்ததும், சுருக்கங்கள் நெருக்கியடித்து அது முழுதாகச் சுருங்க முடியாமல் நின்றுவிடும். கையில் பிடித்துப் பார்க்கும்போது தொளதொளவென்று தெரியும். உடனே இன்னும் ஓர் அங்குலம் வெட்டிவிடுவார்கள். சிவப்புக் கோடு விழுவது பெரும்பாலும் அந்த ஓர் அங்குலத்தால்தான். வெட்டும் முன் குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். எலாஸ்டிக்குக்கு அடியில் உங்கள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கால் மணி நேரம் விளையாடவிட்டுக் கழற்றிப் பாருங்கள். இலேசான தடம் சில நிமிடங்களில் மறைந்துவிடும். மறையாவிட்டால் இறுக்கம் என்று பொருள்.

இந்த உடுப்புக்குப் பெயர் கொடுத்த அமீலியா ப்ளூமர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், செனிகா ஃபால்ஸ் என்ற ஊரில் ‘தி லில்லி’ என்ற பெண்கள் பத்திரிகையை நடத்தியவர். 1851-இல், குட்டைப் பாவாடைக்குக் கீழே கணுக்காலில் சுருங்கும் தொளதொளப்பான கால்சட்டையைப் பெண்ணுரிமைக்குக் குரல்கொடுத்த எலிசபெத் ஸ்மித் மில்லர் அணிந்து வந்தார். அமீலியாவும் அதை அணிந்து தன் பத்திரிகையில் ஆதரித்து எழுதினார். மற்றப் பத்திரிகைகள் உடைக்கு அவர் பெயரையே சூட்டிவிட்டன. இடுப்பை இறுக்கிய உடையிலும், தரையைக் கூட்டிய கனத்த பாவாடையிலும் நடக்கமுடியாமல் தவித்த பெண்கள் கை காலை வீசி நடப்பதற்காக வந்த உடை அது. நம் குழந்தையும் அதைப் போட்டுக்கொண்டு தவளைபோலக் காலை அகட்டி உதைக்க முடிய வேண்டும். பிஞ்சு இடுப்பு மூட்டு சரியாக வளர்வதற்கும் கால்கள் அப்படி விரிந்து மடங்க இடம் வேண்டும். காலிடுக்கில் இரண்டு தையல்களும் சந்திக்கும் இடத்தில் நான்கு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை வைரவடிவில் வைத்துத் தைத்தால் அந்த இடம் கிடைத்துவிடும். புதியவர்கள் இதற்குப் பயப்படுகிறார்கள். முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துக்கொண்டால் மெஷினில் நகராது.

வெட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அளவு சரியாக உள்ள பழைய கால்சட்டையைச் செய்தித்தாளில் விரித்து வரைந்து, பக்கவாட்டில் இரண்டு அங்குலம் சேர்த்தால் உப்பலுக்குப் போதும். பின்துண்டின் இடுப்பு முன்துண்டைவிட ஒன்றரை அங்குலம் உயரமாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் வெட்டினால், குழந்தை தவழும்போது பின்புறம் இறங்கி முதுகில் குளிர் ஏறும். துணியை வாங்கி வந்ததும் நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள். நனைக்காமல் வெட்டிய ஃப்ளானல் முதல் துவைப்பில் மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் வரை சுருங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அளந்து வைத்த எலாஸ்டிக் கணக்கெல்லாம் அதோடு போயிற்று. பதினான்காம் எண் ஊசி போடுங்கள். ஃப்ளானல் பஞ்சு உதிர்க்கும். ஒவ்வொரு உடுப்பு முடிந்ததும் பாபின் பெட்டியைப் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள்.

இனி அலங்காரம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அதிகமாகக் கண்டிப்பதும் இதில்தான். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் உடுப்பில் பொத்தான், மணி, கம்பளிப் பந்து, ஒட்டும் கல் எதுவும் வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. நாம் செய்யும் பந்துகள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. “கெட்டியாகத்தான் தைத்திருக்கிறேன்” என்பார்கள். பல் முளைக்கும் குழந்தை நாள் முழுவதும் சப்பி இழுத்தால் எந்த நூல் நிற்கும்?

அதற்காக வெறுமையாக விட வேண்டியதில்லை. பின்துண்டில் ஃப்ரில் வைக்கலாம். பக்கத் தையல்களைச் சேர்ப்பதற்கு முன், துண்டு தட்டையாக இருக்கும்போதே வைத்துவிட வேண்டும். சேர்த்த பிறகு வைக்கப்போனால் மெஷினுக்கு அடியில் மற்றத் துணியும் சிக்கும். உட்காரும் இடத்தைத் தவிர்த்து, இடுப்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே தொடங்கினால் உறுத்தாது. நைலான் லேஸ் தோலை அரிக்கும். பருத்தி லேஸ் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். துணியில் யானையோ ஆப்பிளோ வெட்டி வைத்துத் தைப்பதுதான் புதியவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது. சங்கிலித் தையலில் ஒரு கொடி, நுனியில் ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் பிரெஞ்சு முடிச்சு நான்கைந்து போட்டால் பந்து இல்லாத குறை தெரியாது. சிலர் எங்கள் மலையின் தோடர் எம்ப்ராய்டரி போலப் போட ஆசைப்படுகிறார்கள். அது இழைகளை எண்ணிப் போடும் வேலை. ஃப்ளானலின் பஞ்சுக்குள் இழையே கண்ணுக்குத் தெரியாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கலையைத் தோடப் பெண்கள் கையால் செய்ததாகவே வாங்கிப் போற்றுவோம்.

எம்ப்ராய்டரி முடிந்ததும் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீளமாகத் தொங்கும் நூலும் கண்ணியாக நிற்கும் நூலும்தான் என் பெரிய கவலை. குழந்தை காலை நுழைக்கும்போது கட்டைவிரல் அதில் மாட்டிச் சுற்றிக்கொண்டால் ரத்தஓட்டம் தடைப்பட்டு விரல் வீங்கிவிடும். காரணம் தெரியாமல் குழந்தை அழுதுகொண்டே இருக்கும்; உள்ளே ஒற்றை நூல் இறுக்குவது சுலபத்தில் கண்ணில் படாது. நூல்களை ஒட்ட வெட்டி, வேலைப்பாட்டின் பின்னால் மெல்லிய பருத்தித் துணியை வைத்துத் தைத்துவிடுங்கள். தோலுக்கும் இதம்.

இன்னொன்று நெருப்பு. ஃப்ளானலின் மேல் எழும்பி நிற்கும் பஞ்சுதான் கதகதப்பைத் தருகிறது, அதுவேதான் சட்டென்று தீப்பிடிக்கவும் செய்கிறது. நூறாண்டுகளுக்கு முன் பிரிட்டனில் ஃப்ளானலெட் என்ற பருத்தி ஃப்ளானல் இரவுடையில் தீப்பற்றிக் குழந்தைகள் இறந்தார்கள். எளிதில் தீப்பிடிக்காது என்று பொய்யாகச் சொல்லித் துணி விற்பதைத் தடுக்க 1913-இல் அங்கே சட்டமே வந்தது. நம் வீடுகளில் மழைநாளில் ஈர ப்ளூமரை ஹீட்டர் மேல் போட்டுக் காயவைப்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கொடியில் காயட்டும், இரண்டு நாளானாலும் பரவாயில்லை.

நான் சொன்ன மாணவி அந்த நீல ப்ளூமரைத் தூக்கிப் போடவில்லை. வகுப்பிலேயே உட்கார்ந்து பந்துகளைப் பிரித்தெடுத்தார். பந்து இருந்த இடங்களில் சிவப்பு நூலால் முடிச்சுகள் போட்டார். தொடை உறையில் ஒன்றரை அங்குலத் தையலைப் பிரித்து, பழைய எலாஸ்டிக்கை உருவி, ஊக்கில் கோத்துப் புதியதை நுழைத்தார். அந்த வாயை மெஷினில் மூட வேண்டாம், கையால் நெருக்கமாக எம்மித் தையல் போடுங்கள் என்றேன். மாசி மாதம் அவர் மறுபடி வந்தபோது குழந்தை சுவரைப் பிடித்து நின்றது, தொடையும் பருத்திருந்தது. அந்தக் கைத்தையலைப் பிரித்து, முக்கால் அங்குலம் நீளமான எலாஸ்டிக்கை மாற்ற அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.