ஆயிரம் ஃபைல்களுக்கு ஒரே நொடியில் பெயர் மாறுவது எப்படி?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “ஆயிரம் புகைப்படங்களை பென் டிரைவுக்கு நகலெடுக்கப் பல நிமிடம் ஆகிறது. அதே ஆயிரத்துக்கும் மொத்தமாகப் பெயர் மாற்றினால் சட்டென்று முடிந்துவிடுகிறது. எப்படி?”

காரணம், பெயர் ஃபைலுக்குள் இருப்பதே இல்லை. ஃபோல்டரை ஒரு பேரேடாக நினைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் அதன் ஒவ்வொரு வரியிலும் முக்கியமாக இரண்டு விஷயங்கள் இருக்கும்: ஒரு பெயர், ஓர் எண். அதை ஐநோட் எண் என்பார்கள். படம் டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது, எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால்தான் தெரியும். பெயர் மாற்றும்போது பேரேட்டில் ஒரு வரி திருத்தப்படுகிறது, அவ்வளவுதான். 5 எம்பி படமானாலும் 5 ஜிபி வீடியோவானாலும் வேலை ஒன்றே. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையில், ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையை ‘-ஐ’ (-i) சேர்த்துக் கொடுத்தால் பெயருக்கு முன்னால் அந்த எண் வரும். பெயரை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள், எண் அப்படியே இருக்கும். விண்டோஸில் ஏற்பாடு வேறு. ஆனால் அங்கும் பெயர் படத்தின் தரவோடு கலப்பதில்லை.

பெயரின் கடைசியில் ஜேபிஜி என்பதை பிஎன்ஜி ஆக்கினால் படமே மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இது சுத்த மூடநம்பிக்கை. ஜேபெக் (ஜேபிஜி) படம் 255, 216 என்ற இரண்டு பைட்டுகளோடு தொடங்கும்; பெயரை என்ன செய்தாலும் அவை அசையாது. கணினிப் பாடத்தில் மெனுக்களை மனப்பாடம் செய்ய வைக்கும் முன் இதைச் சொல்லித்தர வேண்டும்.

சரி, கருவிகள். விண்டோஸில் எல்லா ஃபைல்களையும் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்திப் பெயர் கொடுத்தால், அடைப்புக்குறிக்குள் எண் தானாக வந்துவிடும். மேக்கில் ஃபைண்டரிலேயே வசதி உண்டு. இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால், கட்டளைகளை வரிசையாக எழுதி ஓடவிடும் ஸ்கிரிப்ட்: விண்டோஸில் பவர்ஷெல், லினக்ஸிலும் மேக்கிலும் ஷெல் ஸ்கிரிப்ட்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த இடம். 1 முதல் 100 வரை பெயரிட்ட ஸ்கேன் பக்கங்கள் இருக்கின்றன. முதல் பக்கம் விட்டுப்போயிருக்கிறது. இடம் ஒதுக்க, 1-ஐ 2 ஆக்கு, 2-ஐ 3 ஆக்கு என்று வரிசையாக ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்கள். 2 என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறதே! பெயர் மாற்றும் லினக்ஸின் எம்வி (mv) கட்டளை, அதை அழிக்கலாமா என்று சாதாரணமாகக் கேட்பதில்லை. பழைய 2 போய்விடும். இப்போது 2 என்ற பெயரில் இருப்பது பழைய 1. அடுத்த படியில் அதுதான் 3-ஐ விழுங்கும், பிறகு 4-ஐ. எல்லாம் முடியும்போது ஃபோல்டரில் ஒரே ஒரு ஃபைல் மிஞ்சும். பெயர் 101; உள்ளே இருப்பதோ பழைய 1. மற்ற 99 பக்கங்களும் காலி, ஒரு பிழைச் செய்திகூட வராமல்.

கடைசியிலிருந்து தொடங்கினால் இந்த ஆபத்தே இல்லை. 101 என்ற பெயர் யாருக்கும் இல்லை, 100 அங்கே போகும். காலியான 100-க்கு 99 நகரும். ஒவ்வொரு படியிலும் போகவேண்டிய இடம் அப்போதுதான் காலியாகியிருக்கும். முடிவில் 1 நகர்ந்து 2 ஆகும். விட்டுப்போன பக்கத்தை ஸ்கேன் செய்து 1 என்று பெயரிட்டுக்கொள்ளலாம்.