மால்டாவின் மஞ்சள் கல்லை உப்பு எப்படி அரிக்கிறது?

கீசா பிரமிடுகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்த கற்கோயில்கள் மால்டாவில் இருக்கின்றன. சிசிலிக்குத் தெற்கே, 316 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் தீவு நாடு அது. உலோகக் கருவிகளை அறியாத மக்கள் கி.மு. 3600க்கும் 2500க்கும் இடையில் இவற்றைக் கட்டினார்கள். இவ்வளவு பெரிய பாறைகளை எப்படி நகர்த்தினார்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் கோயில் சுவர்களைக் கிட்டே போய்ப் பார்த்தால் அதைவிட அவசரமான கேள்வி ஒன்று எழும். ஹஜார் இம் கோயிலின் வெளிச்சுவர் குழிகுழியாக அரித்துப்போய், சில இடங்களில் தொட்டாலே மாவாக உதிரும் நிலையில் இருக்கிறது. அரை கிலோமீட்டர் தள்ளி, அதே கடற்காற்றில் நிற்கும் இம்னாய்த்ரா கோயிலின் வெளிச்சுவரோ பெரிதாகத் தேயவில்லை. இது ஏன்?

இரண்டும் வேறு வேறு கல். இம்னாய்த்ராவின் வெளிச்சுவர் பவளச் சுண்ணாம்புக்கல். கெட்டியானது, செதுக்குவது கடினம். ஹஜார் இம் முழுவதும் குளோபிஜெரினா சுண்ணாம்புக்கல். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்து வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து, இறுகி உருவான கல் இது. பார்வைக்கு வழவழவென்று, தேன் கலந்த மஞ்சளாக இருக்கும். உள்ளே நிலைமை வேறு. அதன் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். கண்ணுக்குத் தெரியாத துளைகள், ஒன்றோடொன்று இணைந்தவை.

இந்தத் துளைகள்தாம் மால்டாவின் கலைக்கு வழிவிட்டன என்பேன். குவாரியிலிருந்து வெட்டி எடுத்த புதிதில் கல்லுக்குள் ஈரம் இருக்கும். ரம்பத்தால் அறுக்கலாம், உளியால் இழைக்கலாம். காயக் காய உள்ளீரம் வெளிப்பரப்புக்கு வந்து ஆவியாகும்போது, தன்னில் கரைந்திருந்த சுண்ணாம்பை அங்கேயே விட்டுப்போகும். அதனால் மேல்தோல் இறுகுகிறது. செதுக்கும்போது மென்மை, செதுக்கி முடித்தபின் உறுதி: சிற்பிக்கு இதைவிட என்ன வேண்டும்? தார்ஷீன் கோயிலின் சுருள் வடிவங்களைக் கல்லாயுதத்தால் அவ்வளவு நேர்த்தியாகக் கொத்த முடிந்தது இந்தக் கல்லில்தான்.

அதே துளைகள் வழியாகத்தான் அழிவும் நுழைகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல நிலத்தடி ஈரம் கல்லுக்குள் ஏறுகிறது. அதோடு கரைந்த உப்பும் ஏறுகிறது. போதாதற்குக் கடற்காற்றும் சுவரின் மேல் உப்புத் துளிகளைப் படியவைக்கிறது. நீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. அது படிகமாகும்.

படிகம் எங்கே உருவாகிறது என்பதில்தான் சுவரின் ஆயுள் இருக்கிறது. காற்று அடங்கி, மெதுவாக உலர்ந்தால் நீர் வெளிப்பரப்புவரை வந்து ஆவியாகும். உப்பு வெள்ளையாகப் பூக்கும். பார்க்க அசிங்கமே தவிர, தூரிகையால் தட்டிவிடலாம். காற்று பலமாக வீசினால் கதை மாறுகிறது. வெளிப்பரப்பு சட்டென்று உலர்ந்துபோக, ஆவியாகும் இடம் கல்லுக்குள் சில மில்லிமீட்டர் பின்வாங்குகிறது. உப்புப் படிகம் இப்போது துளைக்குள் வளர்கிறது. படிகத்துக்கும் துளைச்சுவருக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அதிலிருந்து உப்பை எடுத்துக்கொண்டு படிகம் சுவரைத் தள்ளியபடி வளர்ந்துகொண்டே போகும். அழுத்தத்தைத் தாங்கும் கல், இழுவிசையைத் தாங்காது. மயிரிழை விரிசல் விட்டு, இறுகிய மேல்தோல் ஒருநாள் பொருக்காகப் பெயர்ந்து விழும். உள்ளே இருப்பது இறுகாத மென்கல். அதற்குப்பின் குழி வேகமாக ஆழமாகிறது.

இது ஒருமுறை நடந்து ஓய்வதில்லை. சோடியம் குளோரைடு என்ற சாதாரண உப்புக்கு ஒரு வரம்பு உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ஈரத்தை இழுத்துக் கரையும், குறைந்தால் மீண்டும் படிகமாகும். தீவின் காற்று இரவில் அந்த வரம்பை ஏறுவதும் பகலில் இறங்குவதும் சகஜம். மழையே இல்லாத கோடையிலும் கல்லுக்குள் உப்பு கரைந்து, உறைந்து, மறுபடியும் கரைந்துகொண்டே இருக்கும்.

உள்ளூர்க் கொத்தர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நல்ல கல்லை ஃபிராங்கா என்பார்கள்; சீக்கிரம் உதிரும் ரகத்துக்கு ஸோல் என்று பெயர். வெட்டிய புதிதில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். அதனால் அடித்தளத்துக்கும் வாசற்படிக்கும் கெட்டியான பவளக்கல்லைப் போட்டு, அதன்மேல் ஃபிராங்காவை எழுப்பும் வழக்கம் உண்டு. ஈரம் ஏறும் இடத்தில் துளை குறைந்த கல், சிற்ப வேலை வேண்டிய இடத்தில் மென்கல். ஜிகன்டியா கோயிலைக் கட்டிய கற்கால மக்களும் வெளியே பவளக்கல், உள்ளே குளோபிஜெரினா என்றுதான் வைத்தார்கள்.

தலைநகர் வல்லெட்டாவில் 1570களில் கட்டிய புனித யோவான் இணைப் பேராலயத்துக்குப் போகிறவர்கள் நேரே கரவாஜ்ஜியோ 1608இல் வரைந்த ஓவியத்தைத் தேடி ஓடுவார்கள். ஓடுங்கள், தவறில்லை. அதற்குமுன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அந்த வளைகூரை முழுவதும் மத்தியா பிரேத்தி 1661 முதல் 1666 வரை தீட்டியது. ஈரச் சுண்ணச்சாந்தின் மேல் வரையும் முறையை விட்டுவிட்டு, எண்ணெய் வண்ணத்தை நேரடியாகக் கல்லின்மேலேயே பூசினார். துளையுள்ள கல் வண்ணத்தை உறிஞ்சிவிடும் என்பதால் முதலில் ஆளிவிதை எண்ணெயை ஊட்டித் துளைகளை நிரப்ப வேண்டியிருந்தது. சுவர்களின் பொன்முலாம் பூசிய பூவேலைகளும் தனியாகச் செய்து ஒட்டியவை அல்ல. சுவரின் கல்லிலேயே, அந்த இடத்திலேயே செதுக்கியவை. மென்கல் இல்லாத ஊரில் இப்படி ஒரு உட்புறம் சாத்தியமில்லை.

கோயில்களுக்கு வருவோம். ஹஜார் இம்மில் 1839இலும் இம்னாய்த்ராவில் 1840இலும் அகழாய்வு நடந்தது. அதுவரை பெரும்பகுதியை மூடியிருந்த மண் விலகியதும் காற்றும் உப்பும் நேரடியாகத் தாக்கத் தொடங்கின. 20ஆம் நூற்றாண்டில் பழுதுபார்க்கிறோம் என்று பூசிய போர்ட்லண்ட் சிமெண்ட், தன் பங்குக்குப் புதிய உப்புகளைக் கல்லுக்குள் இறக்கியது. 1994இல் பெருமழைக்குப்பின் இம்னாய்த்ராவின் சுவர்ப்பகுதி சரிந்தது. மழைநீர் இரட்டைச் சுவருக்கு நடுவே இருந்த மண்ணை அரித்துக்கொண்டு போனதே காரணம். கடைசியில் 2009இல் இரு கோயில்களின் மேலும் பெரிய கூடாரக் கூரைகள் எழுந்தன. பக்கங்கள் திறந்தே இருப்பதால், சம இரவு நாட்களில் காலைச் சூரியன் இம்னாய்த்ராவின் தென்கோயில் வாசல் வழியாக நேராக உள்ளறைவரை பாய்வதை இன்றும் பார்க்கலாம்.

இந்தக் கூரை பழைய அழகைக் கெடுத்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. கூரை வேண்டும் என்ற பக்கம்தான் நான். மழையையும் வெயிலின் கடுமையையும் அது தடுக்கிறது. ஆனால் அறிவியல்படி ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது: மழை கல்லை அரித்தாலும், மேலே படிந்த கடலுப்பைக் கழுவியும் விடுகிறது. கூரைக்கடியில் அந்தக் கழுவல் கிடையாது. திறந்த பக்கங்கள் வழியாக உப்புக்காற்று மட்டும் வந்துகொண்டிருக்கும். ஆகவே கூரை போட்டதோடு வேலை முடிவதில்லை. வெப்பநிலை, ஈரப்பதம், காற்று ஆகியவற்றைக் கருவிகள் வைத்து அளந்து, கல்லின் நிலையைத் தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும்.