மனத்தில் வைத்த ஒன்று எங்கே போகிறது?

தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: "குடித்துவிட்டு அடிக்கும் தந்தையோடு வாழும் மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருக்கிறான். தனியாகக் கேட்டால் மனக்கணக்கைச் சரியாகச் சொல்கிறான். பக்கத்து மாணவனை நான் அதட்டிய பிறகு கேட்டால் விழிக்கிறான். நடிக்கிறானா?"

நடிப்பதாக நான் நினைக்கவில்லை. ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் அச்சப் பகுதியான அமிக்டலா எச்சரிப்பதும், இதயம் விரைவதும் நாம் பள்ளியில் படித்தவைதாம். அடிபட்டு வளரும் குழந்தைகளிடம் இந்த எச்சரிக்கை மிக எளிதில் எழுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் செத் பொல்லாக், மங்கலான முகப் படங்களைச் சிறிது சிறிதாகத் தெளிவாக்கிக் காட்டியபோது, அத்தகைய குழந்தைகள் கோபத்தை மட்டும் மற்றவர்களைவிட முன்னதாகவே அடையாளம் கண்டனர். அந்த வீட்டில் அவர்களைக் காப்பாற்றிய திறமை அது.

இனி மனக்கணக்கு. 27உடன் 35ஐக் கூட்டும்போது, ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, இரண்டைப் போட்டு ஒன்றை மனத்தில் வைக்கிறோம். அந்த ஒன்று எதிலும் எழுதப்படவில்லை. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணியில், வேலையிடத்தில் வரிசையாக நிற்கும் சித்தாள்கள் சாந்துச் சட்டியைக் கைமாற்றுவதுபோல, நரம்பணுக்கள் ஒன்றையொன்று ஓயாமல் தூண்டிக்கொண்டிருப்பதால்தான் அது நிலைத்திருக்கிறது. கை ஓய்ந்தால் சட்டி விழுந்துவிடும்.

அந்தக் கைகளை ஓயவைப்பது எது என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டனும் அவர் குழுவினரும் குரங்குகளிலும் எலிகளிலும் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். எனக்கு இதைவிட வியப்பூட்டும் பொறியமைப்பு மூளையில் குறைவு. மூளைத்தண்டிலிருந்து வரும் நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள் அளவாக இருக்கும்போது, நரம்பணுவின் மேலிருந்து அதை வாங்கிக்கொள்ளும் ஆல்ஃபா-2ஏ என்னும் ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தருகே உள்ள, பொட்டாசியம் அயனிகள் கடந்து செல்லும் நுண்ணிய வாய்க்கால்கள் மூடிக்கொள்ள, இணைப்பு உறுதிப்படுகிறது. அச்சத்தில் அதே வேதிப்பொருள் பெருகும்போது, எளிதில் பிடிகொடுக்காத ஆல்ஃபா-1 ஏற்பியையும் அது எட்டிவிடுகிறது. அப்போது வாய்க்கால்கள் திறந்து, மின்னூட்டம் கசிந்து, நரம்பணுக்கள் ஒன்றன் குரலை மற்றொன்று கேட்க முடியாமல் அடங்கிப்போகின்றன. அதே பெருக்கு அமிக்டலாவை வலுப்படுத்தவும் செய்கிறது. பொருள் ஒன்றே, அளவு மாறும்போது சிந்திக்கும் பகுதி தளர்ந்து, தப்பிக்கும் பகுதி ஓங்குகிறது. சிறுவன் மனத்தில் வைத்த ஒன்று இவ்வாறுதான் நழுவியிருக்க வேண்டும்.

குரங்கின் பொட்டாசியம் வாய்க்காலை ஆராய்வதற்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வகுப்பறைக் கேள்விக்கு இவ்வளவு தெளிவான விடையை அந்த ஆய்வே தந்திருக்கிறது என்பதால், அடிப்படை ஆய்வுக்கு நிதி குறைக்கப்படும்போதெல்லாம் நான் வருந்துகிறேன். "அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியை இன்னமும் கற்பித்தல் முறையாகக் கருதுவோரை நினைத்து அதைவிட வருந்துகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17இல், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடைசெய்திருக்கிறது. விழிக்கும் பிள்ளைக்குத் தாயத்துக் கட்டுவதாலும் பயனில்லை.

ஆசிரியைக்கு என் விடை இது. அன்றைய வேலைகளின் வரிசையைக் காலையிலேயே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த குழந்தைக்கு எச்சரிக்கை குறையும். யாரையேனும் கண்டிக்க வேண்டியிருந்தால் அருகில் சென்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். குரல் உயர்ந்துவிட்ட நாளில் அவனிடம் உடனே கணக்குக் கேட்காமல், படம் வரையவோ தண்ணீர் குடித்து வரவோ விடுங்கள். அச்சத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் உச்சத்தை எட்டவே ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். தணிய அதற்கும் மேல். கணக்கை அடுத்த பாடவேளையில், அவன் இடத்திலேயே உட்கார்ந்தபடி, சிலேட்டில் போடச் சொல்லுங்கள். மனத்தில் வைக்க வேண்டிய ஒன்றை அவன் சிலேட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.