ஐந்தெழுத்துச் சொல்லைக் கணினி எப்படிப் பிடிக்கிறது?

ஐந்து ஆங்கில எழுத்து. எங்கோ ஒரு ஏ, எங்கோ ஒரு ஆர், கடைசியில் டி (D). என்ன சொல்? மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் விளையாட்டை ஆடுகிறவர்கள் காலையில் காபியோடு மண்டையைக் குடைந்துகொள்வது இந்த மாதிரிக் கேள்விக்குத்தான். போர்டு, அவார்டு, ரேப்பிட் என்று சிலவற்றை நாமே சொல்லிவிடுவோம். கணினியோ ஒன்றையும் விடாமல் ஒப்பிக்கும்.

26 எழுத்துகளை ஐந்து கட்டங்களில் இஷ்டத்துக்குப் போட்டால் 1,18,81,376 கோவைகள் வரும். ஆனால் ஜோஷ் வார்டில் 2021-ல் இந்த விளையாட்டை வெளியிட்டபோது விடைகளுக்கென்று வைத்திருந்தவை 2,315 சொற்கள்தான். அதனால் எழுத்துகளைக் கோத்துக் கோத்துப் பார்ப்பது வீண் வேலை. கையில் ஒரு சொற்பட்டியலை வைத்துக்கொண்டு, பொருந்தாததைக் கழித்துக்கொண்டே வருவதுதான் வழி. எதை முதலில் கழிப்பது என்பதில்தான் சாமர்த்தியம் எல்லாம்.

பழைய வழி ஒன்று இன்றும் வேலை செய்கிறது. யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்துக்காகக் கென் தாம்சன் 1970-களில் எழுதிய ‘கிரெப்’ கட்டளை, தெரியாத எழுத்துக்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்லும். நான்கு புள்ளி, பிறகு ஒரு டி. தலையில் ^, வாலில் $. அந்த இரண்டு குறிகளும் ‘சொல் இங்கே தொடங்கி இங்கே முடிய வேண்டும்’ என்பதற்கு. அவற்றை மறந்தால் எட்டெழுத்து, பத்தெழுத்துச் சொற்களும் ‘எனக்குள்ளும் இது இருக்கிறதே’ என்று வந்து குவியும். சரி, இடம் தெரிந்த எழுத்துக்கு இது போதும். ‘எங்கோ ஒரு ஏ’ என்றால்? வந்த பட்டியலை இன்னொரு கிரெப்புக்குள் விட்டு ஏ இல்லாததை நீக்க வேண்டும். அப்புறம் ஆர்-க்கு இன்னொன்று. ஒரு முறை கேட்பதென்றால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம், கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். கோடி முறை கேட்க வேண்டியிருந்தால் கட்டுப்படியாகாது.

அதற்கான உத்தி எனக்கு மிகவும் பிடித்தது: சொல்லையே எண்ணாக்கிவிடுவது. ஏ-க்கு 1, பி-க்கு 2, சி-க்கு 4, டி-க்கு 8 என்று ஒவ்வொரு எழுத்துக்கும் முந்தையதைப் போல் இரு மடங்கு மதிப்பு. சி-ஏ-பி எழுத்துகளால் ஆன ‘கேப்’ என்ற சொல்லின் எண் 4+1+2, அதாவது 7. பி-ஏ-டி எழுத்துகளால் ஆன ‘பேட்’ 11. இப்போது ஏ-யும் சி-யும் இருக்கும் சொல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கேள்வியின் எண் 5. 0, 1 இரண்டு மட்டுமே கொண்ட இரும எண்ணாக எழுதினால் கேப் 0111, கேள்வி 0101. இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 போட்டால் 0101 வருகிறது. கேள்வி அப்படியே திரும்பி வந்துவிட்டது, சொல் தேறியது. பேட் 1011. அதே கணக்கைப் போட்டால் 0001 மட்டும் மிஞ்சுகிறது, சொல் அவுட். கணினியின் மையச் செயலிக்கு (புராசஸர்) இது ஒரே ஒரு கட்டளை. ஆங்கிலத்தின் 26 எழுத்தும் ஒரு 32 பிட் (0 அல்லது 1 நிற்கும் 32 இடங்கள்) எண்ணுக்குள் தாராளமாக அடங்கிவிடும், ஆறு பிட் மிச்சமும் இருக்கும்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. இந்த எண்ணுக்கு வரிசையும் தெரியாது, ஒரே எழுத்து இரண்டு முறை வந்ததும் தெரியாது. டி-ஏ-டி, ஏ-டி-டி இரண்டுமே 9 தான். அதனால் இதை வாசலில் நிற்கும் முதல் சோதனையாக மட்டும் வைப்பார்கள். தேறி வந்த கொஞ்சச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பார்ப்பது பிறகு.

எழுத்துக் கட்டைகளைக் கோத்துச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை ஆடும் நிரல்களுக்குத் தேவை வேறு. அங்கே சொற்களைக் கிளை கிளையாகப் பிரியும் மரமாக அடுக்குகிறார்கள். முதல் இரண்டு எழுத்துக்குக் கீழே கிளை இல்லையென்றால் மேற்கொண்டு தேடவே வேண்டாம். ஆண்ட்ரூ ஆப்பெலும் கை ஜேக்கப்சனும் 1988-ல், ஒரே மாதிரி முடியும் கிளைகளைச் சேர்த்து மரத்தைச் சுருக்கி, அதை வைத்து மிக வேகமான ஸ்கிராபிள் நிரலை எழுதிக் காட்டினார்கள். முதல் எழுத்தே தெரியாதபோது இந்த மரத்தால் பெரிய உபயோகம் இல்லை.

எழுத்துகளின் மதிப்பும் ஒன்றுபோல் இல்லை. அந்த 2,315 சொற்களில் கிட்டத்தட்ட பாதியில் இ உண்டு. கியூ இருப்பவை 30-க்குள். சொல்லில் கியூ இருப்பது தெரிந்துவிட்டால் பட்டியல் ஒரே வெட்டில் கைக்குள் வந்துவிடும், இ இருப்பது தெரிந்தால் பாதிதான் குறையும். ஊகிக்கும்போது நேர்மாறு: கியூ உண்டா என்று கேட்டால் பெரும்பாலும் ‘இல்லை’தான் பதில், அதனால் லாபமும் சொற்பம். ஊகிக்க இ நல்லது, கழிக்க கியூ நல்லது.

இதன் பலனைக் கண்கூடாகக் காட்டியது ஒரு புதிர். எந்த எழுத்தும் திரும்ப வராமல், 25 வெவ்வேறு எழுத்துகளைப் பயன்படுத்தும் ஐந்து ஐந்தெழுத்துச் சொற்கள் இருக்கின்றனவா? கணிதத்தைப் பாமரருக்கும் கொண்டுசேர்க்கும் மாட் பார்க்கர் இதற்கு எழுதிய நிரல் ஒரு மாதம் ஓடியது. 2022-ல் அவர் அதைச் சொன்னதும் ரசிகர்கள் ஆளாளுக்கு நிரல் எழுதத் தொடங்கினார்கள். நேரம் நிமிடங்களாகி, விநாடிகளாகி, கடைசியில் விநாடியில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போனது. சொற்களை எண்ணாக்கியது பாதி காரணம். மீதிப் பாதி இது: 26-ல் ஒரே ஓர் எழுத்தைத்தான் விட்டுவிடலாம். அப்படியானால் மிக அபூர்வமான இரண்டு எழுத்துகளில் ஒன்றாவது ஏதோ ஒரு சொல்லில் வந்தே ஆக வேண்டும். தேடலை அந்தச் சில சொற்களில் தொடங்கினால், மீதி ஆயிரக்கணக்கான சொற்களை முதல் சுற்றில் தொடவே வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும், மிச்சமிருப்பவற்றில் எது அபூர்வமோ அதிலிருந்தே அடுத்த தேடல். அப்படிக் கிடைத்த விடைகளில் ஒன்று: ஃபியார்டு, கக்ஸ், நிம்ஃப், வைபெக்ஸ், வால்ட்ஸ். இதில் விடுபட்ட எழுத்து கியூ.